டிரெய்லர் லாரிக்குப் பின்புறக் கேமரா: வாங்கும் முன் அறிய வேண்டியவை

நாற்பது அடி சரக்குப் பெட்டகம் ஒன்றின் நீளம் 12.19 மீட்டர், அகலம் 2.44 மீட்டர். அதை ஏற்றிய டிரெய்லரும் அதை இழுத்துச் செல்லும் லாரியும் சேர்ந்தால் மொத்த நீளம் ஏறத்தாழ 16 மீட்டரைத் தொடும். இவ்வளவு நீண்ட வாகனத்தைப் பின்னோக்கி இயக்கும்போது, பெட்டகத்துக்கு நேர் பின்னால் நிற்பவரை இரு பக்கக் கண்ணாடிகளும் ஓட்டுநருக்குக் காட்டுவதில்லை. காரில் இருப்பதுபோல நடுக் கண்ணாடி பொருத்தினாலும் அதில் தெரிவது பெட்டகத்தின் முன்சுவர் மட்டுமே.

இந்தக் குறையை இந்தியாவில் இதுவரை ஈடுசெய்து வருபவர் கிளீனர். நவி மும்பையின் நவா சேவா துறைமுகமாகட்டும், குஜராத்தின் முந்த்ராவாகட்டும், பிவண்டியின் கிடங்குகளாகட்டும், தில்லி துக்ளகாபாத்தில் உள்ள உள்நாட்டுச் சரக்குப் பெட்டக முனையமாகட்டும், வண்டி பின்னால் வரும்போது இறங்கி நின்று குரல் கொடுத்தும், பக்கத் தகட்டைக் கையால் தட்டியும் வழிகாட்டுபவர் அவரே. கிடங்கின் மேடைக்கும் வண்டிக்கும் இடையே சிக்கிக்கொள்ளும் அபாயம் முதலில் சூழ்வதும் அவரைத்தான்.

அந்த ஏற்பாடு இப்போது இரு வகைகளில் பலவீனமடைந்து வருகிறது. செலவைக் குறைப்பதற்காகக் கிளீனர் இல்லாமல் ஓட்டுநர் மட்டுமே செல்லும் வண்டிகள் பெருகியுள்ளன. மேலும், 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் என்-2, என்-3 வகைச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கோடையில் பல மணி நேரம் இயந்திரச் சூட்டில் அமர்ந்து ஓட்டுபவர்களுக்கு இது மிகவும் தாமதமாகக் கிடைத்த நிவாரணம். எனினும், ஜன்னல் மூடிய அறைக்குள் கிளீனரின் குரல் முன்போல எட்டாது என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டியுள்ளது.

சட்டம் எங்கே நிற்கிறது?

பின்புறக் கேமராவை முதலில் தீவிரமாகக் கையில் எடுத்தது அமெரிக்கா. தந்தை பின்னோக்கி எடுத்த காரில் சிக்கி 2002-ஆம் ஆண்டு உயிரிழந்த இரண்டு வயதுச் சிறுவன் கேமரூன் குல்பிரான்சனின் பெயரால் 2008-இல் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வாகனங்கள் பின்னோக்கி வந்து மோதுவதால் ஆண்டுதோறும் சராசரியாக 210 பேர் உயிரிழப்பதாகவும் 15,000 பேர் காயமடைவதாகவும் அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்டது. உயிரிழப்போரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் எழுபது வயதைக் கடந்த முதியோரும்தான் அதிகம். 2018 மே மாதம் முதல் 10,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 4,536 கிலோவுக்குக் குறைவான எடைப் பிரிவைச் சேர்ந்த எல்லாப் புதிய வாகனங்களிலும் கேமரா இருந்தாக வேண்டும் என்பது அங்கு நடைமுறைக்கு வந்தது. ரிவர்ஸ் கியர் போட்ட இரண்டு நொடிக்குள் படம் வர வேண்டும் என்பதும், வாகனத்தின் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட பரப்பு தெரிய வேண்டும் என்பதும் அவ்விதியின் முக்கிய அம்சங்கள்.

ஆனால் அந்த விதி இழுக்கும் வாகனத்தைப் பற்றியது. இழுக்கப்படும் டிரெய்லரைப் பற்றியது அல்ல. டிரெய்லரை மாட்டியவுடன், இழுக்கும் வாகனத்தின் பின்புறக் கேமராவில் டிரெய்லரின் முகப்பு மட்டுமே தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பின்னோக்கி இயங்கும்போது ஆட்களைக் கண்டறியும் வசதி 2022 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய வாகனங்களுக்கும் கட்டாயமானது. லாரிகளும் பேருந்துகளும் இதில் அடங்கும்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் பயணிகள் கார்களுக்குப் பின்புற எச்சரிக்கை சென்சார் கட்டாயம். டிரெய்லர்கள் அந்த வரம்புக்குள் வரவில்லை. ஆக, 4 மீட்டர் நீளக் காருக்கு உள்ள பாதுகாப்பு 16 மீட்டர் வாகனத்துக்கு உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது என்ற முரண்பட்ட நிலையே நீடிக்கிறது. அதேவேளையில், வாகனத்தைப் பின்னோக்கி இயக்கும் முன் யாருக்கும் ஆபத்து இல்லை என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு ஓட்டுநருடையதே. பார்க்க முடியாத இடத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கே பொருத்துவது?

கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி எத்தனை மெகாபிக்சல் என்பது. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது, டிரெய்லர் எந்த வகை என்பது.

நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவ டிரெய்லராக இருந்தால் கேமராவைப் பின்கதவுக்கு மேலே, கூரை விளிம்பின் நடுவில் பொருத்தலாம். உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பதால் பம்பரின் விளிம்பும் அதன் பின்னால் உள்ள தரையும் ஒரே காட்சியில் கிடைக்கும். தூரத்தைக் கணிப்பது எளிது. சேறும் அவ்வளவாக ஏறாது. பெட்டகங்களை ஏற்றி இறக்கும் எலும்புக்கூடு போன்ற சட்டக டிரெய்லருக்கு இந்த வசதி இல்லை. இன்று ஏறும் பெட்டகம் நாளை வேறொரு கப்பலில் போய்விடும். அதன் மேல் எதையும் பொருத்த முடியாது. எனவே கேமரா டிரெய்லரின் கடைசிக் குறுக்குச் சட்டத்தில், பின்விளக்குகளுக்கு இடையே, தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே அமைய வேண்டியுள்ளது. அங்கே சக்கரம் அடிக்கும் சேறும் தூசியும் நேரே முகத்தில் படும். கிடங்கு மேடையில் இடிபடும் வாய்ப்பும் அதிகம். ஆகவே சட்டத்தின் குழிவுக்குள் சற்று உள்வாங்கிப் பொருத்துவதும், மேலே ஒரு தகட்டு மறைப்பு வைப்பதும் அவசியம்.

கிஷன்கட்டிலிருந்து பளிங்குப் பாளங்களையும், எஃகு ஆலைகளிலிருந்து சுருள்களையும் ஏற்றும் தட்டையான டிரெய்லர்களுக்கும் இதே நிலைதான். சரக்கு வால்பகுதியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் கேமரா காட்டும் விளிம்பு உண்மையான விளிம்பு அல்ல என்பதை ஓட்டுநர் நினைவில் வைக்க வேண்டும். திரையில் இரண்டு மீட்டர் இடைவெளி தெரியும்போது நீட்டிய கம்பி சுவரை இடித்திருக்கும்.

கம்பியா, கம்பியில்லாததா?

விலை, வசதி, நம்பகத்தன்மை ஆகிய மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரே லாரி, ஒரே டிரெய்லர், எப்போதும் சேர்ந்தே ஓடும் என்றால் கம்பி வழி இணைப்புக்கு ஈடில்லை. படம் தடைபடாது, தாமதம் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்து வண்டியின் அலைவரிசைக் குறுக்கீடும் இல்லை.

சிக்கல் லாரியும் டிரெய்லரும் சேருமிடத்தில்தான். காற்றுக் குழாய்களோடும் மின்சுருளோடும் கேமராவுக்கென இன்னொரு சுருள் கம்பி அங்கே தொங்க வேண்டும். வண்டி ஏறத்தாழ செங்குத்தாக மடங்கும்போதும் இழுபடாத நீளம் அதற்கு வேண்டும். ஆனால் சட்டத்தில் உரசும் அளவுக்குத் தொய்யவும் கூடாது. டிரெய்லரைக் கழற்றும்போது இந்தச் சுருளைப் பிரிக்க மறந்து வண்டியை நகர்த்திவிடுவது சாதாரணமாக நடக்கும் ஒன்று. இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் இணைப்பான் இருந்தால் இழப்பு சிறிது. திருகிப் பொருத்தும் வகையாக இருந்தால் சாக்கெட்டே பிய்ந்துவிடும். டிரெய்லரின் அடிச்சட்டத்தில் ஏறி இறங்கி வளைந்து செல்வதையும் கணக்கிட்டு 20 மீட்டர் கம்பி வாங்குவது பாதுகாப்பான அளவு. பழைய சி.வி.பி.எஸ். வகை அனலாக் கேமராவை ஏ.எச்.டி. திரையோடு இணைக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று ஏற்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். இணைப்பான் பொருந்துவதால் மட்டுமே படம் வந்துவிடாது.

டிரெய்லர்களை மாற்றி மாற்றி இழுக்கும் நிறுவனங்களுக்குக் கம்பியில்லாத கேமரா கவர்ச்சிகரமானது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனில் பயன்படுத்தத் தனி உரிமம் தேவையில்லை. கருவிக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் பிரிவு வழங்கும் கருவி வகை ஒப்புதல் இருந்தால் போதும். பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்ற எண்ணிக்கையெல்லாம் திறந்தவெளிக்கு உரியவை. இடையே 12 மீட்டர் இரும்புப் பெட்டகம் நின்றால் கதை வேறு. அலை அதை ஊடுருவாது. சுற்றி வளைந்தும் அடித்தளத்தின் கீழாகவும்தான் வந்து சேர வேண்டும். ஆகவே ஆன்டெனாவை ஓட்டுநர் அறைக்கு வெளியே, பின்சுவரில் பொருத்துவதும், அனுப்பும் கருவியின் ஆன்டெனாவை டிரெய்லரின் முன்பகுதிவரை நீட்டிக்க வழி உள்ளதா என்று பார்ப்பதும் பயன் தரும். அனலாக் வகைக் கம்பியில்லாக் கேமராக்களைத் தவிர்ப்பதே நல்லது. சரக்கு முனையத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளிடையே, பக்கத்து லாரியின் பின்புறம் நம் திரையில் தோன்றுவதற்கு அவற்றில் வாய்ப்பு உண்டு. இணைத்துப் பூட்டும் டிஜிட்டல் வகையில் அந்தக் குழப்பம் இல்லை.

டிஜிட்டல் வகைக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. பெரும்பாலான விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. அலை தடைபடும்போது அனலாக் திரையில் புள்ளிகள் பொரியும். படம் கெட்டது உடனே தெரியும். சில டிஜிட்டல் திரைகளிலோ கடைசியாக வந்த படம் அப்படியே உறைந்து நிற்கும். ஆளில்லாத தரை, தெளிவான காட்சி. ஆனால் அது மூன்று நொடிக்கு முந்தைய தரை. இந்த நிலையில் கேமரா இல்லாமலிருப்பதே மேல். இல்லாதபோது ஓட்டுநர் குறைந்தபட்சம் இறங்கிப் பார்ப்பார். படம் நின்றவுடன் திரையைக் கருப்பாக்கி எச்சரிக்கை காட்டும் கருவியைத்தான் வாங்க வேண்டும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம்: திரையைப் பார்த்தபடி கேமராவின் மின்சாரத்தைத் துண்டித்தால் போதும்.

காட்சித் தாமதமும் அப்படியே. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிச் செல்லும் வண்டி ஒரு நொடியில் 1.39 மீட்டர் நகர்கிறது. படம் 0.2 நொடி தாமதித்தால் 28 சென்டிமீட்டர். அரை நொடி தாமதித்தால் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். மேடைக்கும் வண்டிக்கும் இடையே ஒரு மனித உடல் எடுத்துக்கொள்ளும் இடத்தைவிட இது அதிகம். வைஃபை வழியாகக் கைப்பேசியில் படம் காட்டும் மலிவான கேமராக்களில் இந்தத் தாமதம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். கனரக வாகனத்துக்கு அவை ஏற்றவையல்ல. தாமதத்தை அளக்க எளிய வழி உண்டு. கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு அதைக் கேமராவின் முன் பிடித்து, அந்தக் கைப்பேசியும் திரையும் ஒரே சட்டகத்தில் விழுமாறு இன்னொரு கைப்பேசியால் படமெடுத்தால், இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடே தாமதம்.

மின்சாரம்

கார்களின் மின்சுற்று 12 வோல்ட். கனரக லாரிகளுடையது 24 வோல்ட். இயந்திரம் ஓடும்போது அது 28 வோல்ட்வரை உயரும். காருக்கென விற்கப்படும் கேமராவை லாரியில் நேரடியாக இணைத்தால் கருகிவிடும். 9 முதல் 36 வோல்ட்வரை தாங்கும் எனக் குறிப்பிட்ட கருவியே ஏற்றது.

லாரியையும் டிரெய்லரையும் இணைக்கும் வழக்கமான ஏழு பின் சாக்கெட் பக்கவிளக்கு, திரும்பும் விளக்கு, பிரேக் விளக்கு ஆகியவற்றுக்கானது. ரிவர்ஸ் விளக்குக்கான இணைப்பு பொதுவாக இரண்டாவது சாக்கெட்டில்தான் வரும். அது இல்லாத டிரெய்லர்கள் ஏராளம். ஆகவே கேமராவுக்கான மின்சாரத்தைப் பின்விளக்குக் கம்பியிலிருந்து எடுக்கும் வழக்கம் உள்ளது. தவறில்லை; ஆனால் பகலில் விளக்கைப் போட்டால்தான் கேமரா வேலை செய்யும் என்பதைப் புதிதாக வரும் ஓட்டுநருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

திரையில் தெரிவது என்ன?

170 டிகிரி என்று பெருமையோடு அச்சிடப்பட்ட கேமரா எல்லாவற்றையும் காட்டும். ஆனால் எல்லாவற்றையும் தொலைவில் இருப்பதாகக் காட்டும். விளிம்புகள் வளைந்து, அருகில் நிற்பவரும் தள்ளி நிற்பதுபோலத் தோன்றும். 120 முதல் 130 டிகிரிவரை உள்ள வில்லை டிரெய்லருக்குப் போதுமானது.

காரில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரையில் சேர்ந்து வளையும் கோடுகளை டிரெய்லருக்கு நம்பக்கூடாது. பின்னோக்கிச் செல்லும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் செல்லும். எவ்வளவு செல்லும் என்பது லாரிக்கும் டிரெய்லருக்கும் இடையே அந்நேரத்தில் உள்ள கோணத்தைப் பொறுத்தது. அந்தக் கோணத்தை அளக்கும் சென்சார் இல்லாத கருவி வரையும் வளைகோடு வெறும் அலங்காரம். நிலையான கோடுகளே போதும். அவற்றையும் தொழிற்சாலையில் அமைத்தபடி விடாமல், டிரெய்லருக்குப் பின்னால் 1 மீட்டர், 3 மீட்டர் தூரத்தில் கூம்புகளை வைத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

படம் கண்ணாடிப் பிம்பமாக அமைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வண்டியின் வலப்பக்கப் பின்மூலையில் ஒருவரை நிறுத்தினால் அவர் திரையின் வலப்பக்கத்தில் தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால், ஆபத்தான கணத்தில் ஓட்டுநர் அவரை நோக்கியே வண்டியைத் திருப்பக்கூடும்.

பின்புறக் கேமரா எல்லாக் குருட்டுப் பகுதியையும் நீக்கிவிடுவதில்லை. இந்தியாவில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். டிரெய்லரின் வால் இடப்பக்கம் வளையும்போது வலக் கண்ணாடியில் வெறும் களம் தெரியும். இடக் கண்ணாடியை டிரெய்லரின் பக்கச்சுவர் நிறைத்துவிடும். இதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் இயன்றவரை வலப்பக்கமாகவே வண்டியைத் திருப்பி மேடையில் சேர்க்கிறார்கள். குறுகலான கிடங்கு வளாகங்களில் அடிக்கடி வேலையிருந்தால் லாரியின் இடப்பக்கத்துக்கு இரண்டாவது கேமரா வாங்குவது ஆடம்பரம் அல்ல. ஆனால் ஏழு அங்குலத் திரையை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு படமும் மூன்றரை அங்குலமாகச் சுருங்கும்; ரிவர்ஸ் கியர் போட்டவுடன் பின்புறக் காட்சி முழுத்திரைக்கு விரியும் அமைப்பு இருக்க வேண்டும்.

மழை, தூசி, பனிமூட்டம்

ஐ.பி. 67 என்ற குறியீடு தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. ஐ.பி. 69கே என்பது 80 டிகிரி வெந்நீரை மிக அருகிலிருந்து உயர் அழுத்தத்தில் பீய்ச்சினாலும் தாங்கும் என்பதற்கான சோதனை. வண்டியை அழுத்த நீரால் கழுவும் பழக்கம் உள்ள இடங்களில் இரண்டாவதும் தேவை. ஒன்றில் தேறியது மற்றொன்றிலும் தேறியதாக ஆகாது. கொங்கண் கடற்கரையின் நான்கு மாத மழையிலும் உப்புக்காற்றிலும் முதலில் கெடுவது கேமரா அல்ல, அதன் இணைப்பான். அதற்கும் அதே பாதுகாப்புக் குறியீடு உள்ளதா என்று கேட்க வேண்டும்.

வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் அடர்பனியில் கேமராவாலும் மனிதக் கண்ணைவிட அதிகமாகப் பார்க்க முடியாது. இரவுக் காட்சிக்கான அகச்சிவப்பு விளக்குகளின் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்புவதால் திரை வெளிறிப்போகும். ராஜஸ்தான் தூசியிலும் இதுவே நடக்கும். அத்தகைய தடங்களில் ஓடும் வண்டிகளுக்கு, கேமராவோடு ரேடார் வகைச் சென்சாரையும் இணைப்பது பொருத்தமான தீர்வு. மீயொலிச் சென்சார்கள் மலிவானவை என்றாலும் அவற்றின் எல்லை சுமார் இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிடும். சேறு அப்பினால் அதுவும் இல்லை.

திருட்டும் கணக்கும்

ஒரு லாரிக்கு இரண்டு, மூன்று டிரெய்லர்கள் வைத்திருக்கும் நிறுவனங்களில், திரை லாரிக்கு ஒன்று வீதமும் கேமராவும் கம்பியும் டிரெய்லருக்கு ஒன்று வீதமும் தேவைப்படும். எல்லா வண்டிகளிலும் ஒரே வகை இணைப்பான் இருக்குமாறு தொடக்கத்திலேயே முடிவு செய்யாவிட்டால் பிறகு எந்த டிரெய்லரும் எந்த லாரியோடும் பேசாது. களத்தில் நாள்கணக்கில் தனியே நிற்கும் டிரெய்லரிலிருந்து கேமரா காணாமல் போவது அடுத்த கவலை. காந்தத்தால் ஒட்டும் பேட்டரி கேமரா இதற்கு ஒரு மாற்று: வேலை முடிந்ததும் ஓட்டுநர் கழற்றி அறைக்குள் எடுத்துச் சென்று சார்ஜ் செய்துகொள்ளலாம். மகாராஷ்டிரத்தின் சர்க்கரை ஆலைகளுக்கு டிராக்டரில் கரும்பு இழுத்துவரும் டிராலிகளில் பின்விளக்குக் கம்பிகூட இல்லாதவை பல உண்டு. அவற்றுக்கு இதுவே நடைமுறைக்கு ஒத்தது. அலுமினியச் சட்டத்தில் காந்தம் ஒட்டாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

பணம் கொடுக்கும் முன் ஒரு நாள் சோதனை ஓட்டம் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. முழுச் சரக்கோடு, இயந்திரம் ஓடும் நிலையில், வண்டியை இருபுறமும் முழுமையாக மடக்கிப் பார்க்க வேண்டும். சிறு குழந்தையின் உயரமுள்ள 75 சென்டிமீட்டர் கூம்பு ஒன்றை வால்பகுதிக்கு ஒரு மீட்டர் பின்னால் நடுவிலும், பிறகு இரு மூலைகளிலும் வைத்துப் பகலிலும் இரவிலும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கிளீனர் உடன் இருந்தால் அவர் நிற்க வேண்டிய இடம் வண்டிக்கும் மேடைக்கும் நடுவே அல்ல. ஓட்டுநரின் வலக் கண்ணாடியில் தெரியும்படி, வண்டியின் பாதைக்கு வெளியே. அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால், திரையில் தரை காலியாகத் தெரிந்தாலும் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.